சொல்லை மூட்டு பார்த்து வெட்டுவது: பாடச் சொற்களை வேரிலிருந்து படிக்க ஓர் அறிமுகம்

அக்கா மகள் நர்சிங் முதலாமாண்டு படிக்கிறாள். பிளஸ் டூ வரை தமிழ் வழி. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரே சொல்லை நோட்டில் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தாள்: எலக்ட்ரோஎன்செபலோகிராம். ஐம்பது முறை எழுதினால் மண்டையில் ஏறிவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

"இதை எங்கெங்கே வெட்டலாம், பாரு" என்றேன்.

"வெட்டுறதுக்கு அது என்ன கோழியா மாமா?"

கோழி மாதிரிதான். மூட்டு பார்த்து வைத்தால் கத்தி தானாக இறங்கும். எலும்பின் நடுவில் வைத்தால்தான் பாடு. அந்த நீளச் சொல்லுக்கு நாலு மூட்டுத் துண்டுகள். எலக்ட்ரோ என்றால் மின். என் என்றால் உள்ளே. செபல் என்பது கெபலே என்ற கிரேக்கச் சொல், தலை. கிராம் என்றால் எழுதப்பட்டது, வரையப்பட்டது. தலைக்குள் இருப்பதை, அதாவது மூளையை, கிரேக்கர்கள் 'உள்-தலை' என்றே சொன்னார்கள். ஆக, மூளையின் மின்சாரத்தை வரைந்த படம். ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்வார்கள்.

இ.சி.ஜி. அவளுக்கு ஏற்கெனவே தெரியும், தாத்தாவுக்கு எடுத்திருக்கிறார்கள். எலக்ட்ரோகார்டியோகிராம். முன்னும் பின்னும் அதேதான், நடுவில் மட்டும் தலைக்குப் பதில் கார்டியா, இதயம். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டபோது, இதயத்துக்கு ஏற்கெனவே இருந்த பெயரின் அச்சிலேயே மூளைக்கும் ஒரு பெயரை வார்த்துக்கொண்டார். புதுப் பொருளுக்குப் பெயர் வேண்டியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்: கையில் இருக்கும் பழைய கிரேக்க, லத்தீன் துண்டுகளை எடுத்து ஒட்டுவது. ஒட்டிய இடம் தெரிந்தால் பிரித்துவிடலாம். வேர்ச்சொல் வழியாகப் படிப்பது என்று சொல்வதெல்லாம் இவ்வளவுதான்.

இதில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைக் குறையாக நினைத்து ஒளித்துவைக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நம் பாடப்புத்தகங்களுக்குக் கலைச்சொல் ஆக்கியவர்கள் பல இடங்களில் அந்தத் துண்டுகளை அப்படியே ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஃபோட்டோ ஒளி, சிந்தசிஸ் ஒன்றாகச் சேர்ப்பது, ஒளிச்சேர்க்கை. டெலி தொலை, ஸ்கோப் பார்ப்பது, தொலைநோக்கி. மைக்ரோ நுண், அதே ஸ்கோப், நுண்ணோக்கி. எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு, அனாலிசிஸ் பகுப்பாய்வு. மூன்று ஆங்கிலச் சொல்லிலும் 'லிசிஸ்' நிற்கிறது, அவிழ்ப்பது என்று பொருள். மூன்று தமிழ்ச் சொல்லிலும் 'பகு' நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ மின்னாற்பகுப்பு படித்தவர் லிசிஸை அப்போதே படித்துவிட்டார், யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விலங்கியலில் இன்னும் அழகாக இருக்கும். நண்டு, பூச்சி, தேள் எல்லாம் ஆர்த்ரோபோடா. தமிழில் கணுக்காலிகள். ஆர்த்ரோன் என்றால் மூட்டு, போட் என்றால் கால். ஆக்டோபஸ், கணவாய் வகையறா செபலோபோடா, தலைக்காலிகள். நத்தை கேஸ்ட்ரோபோடா, வயிற்றுக்காலி. இந்த மூன்று பெயரும் தெரிந்தவரிடம் இப்போது ஆஸ்பத்திரிச் சொல்லைக் காட்டுங்கள். பாட்டியின் முழங்காலைப் படுத்தும் ஆர்த்ரைட்டிஸில் இருப்பது நண்டின் மூட்டு. இ.இ.ஜி.யில் இருப்பது கணவாயின் தலை. கேஸ்ட்ரைட்டிஸில் இருப்பது நத்தையின் வயிறு.

வயிறு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாயுத் தொல்லைக்கு 'கேஸ்ட்ரிக்' என்பார்கள். கேஸ், கேஸ்ட்ரிக், காதுக்கு ஒரே குடும்பம் போலத்தான் இருக்கிறது. ஆனால் உறவே கிடையாது. கேஸ்ட்ரிக் என்பது வயிற்றுக்கான கிரேக்கச் சொல். கேஸ் என்பது வான் ஹெல்மான்ட் என்பவர் 17-ம் நூற்றாண்டில் உருவாக்கிய சொல், வடிவமற்ற குழப்பத்தைக் குறிக்கும் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து.

சரி, ஆர்த்ரைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ் இரண்டிலும் வால் ஒன்றுதான்: ஐட்டிஸ். மருத்துவச் சொல்லை வாலிலிருந்து பிடிப்பது நல்லது. முதலில் அது நோயா, அறுவையா, படிப்பா என்று வால் சொல்லிவிடும். ஐட்டிஸ் என்றால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. லாஜி என்றால் இயல். அப்புறம் எந்த உறுப்பு என்று முன்பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். ஹெபட்டைட்டிஸ் கல்லீரல் அழற்சி, டெர்மட்டைட்டிஸ் தோல் அழற்சி, அப்பெண்டெக்டமி குடல்வாலை வெட்டி எடுப்பது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். ஹெபட்-ஐட்டிஸ், கல்லீரல்-அழற்சி. உறுப்பு முன்னால், என்ன ஆயிற்று என்பது பின்னால். ஆங்கிலத்தில் இதற்கு விளக்கம் சொன்னால் அழற்சி முதலில் வந்து கல்லீரல் கடைசிக்குப் போய்விடும். கிரேக்கக் கூட்டுச்சொல்லின் வரிசை பெரும்பாலும் நம் தொகைச்சொல்லின் வரிசைதான்; தலைமையான பகுதி கடைசியில் நிற்கும். அதனால் துண்டுக்குத் துண்டு தமிழை வைத்துப் படித்துக்கொண்டே போனால் பொருள் நேராக வந்துவிடும், திருப்பிப் போட வேண்டியதில்லை. விதிவிலக்கு உண்டு. ஹிப்போபொடாமஸை அப்படிப் படித்தால் 'குதிரை ஆறு' என்று வரும், அது ஆற்றுக் குதிரை. நம்மவர்கள் அந்த உருவத்தைப் பார்த்துவிட்டுக் குதிரையை ஒதுக்கி நீர்யானை ஆக்கியது நியாயம்தான்.

அழற்சி என்ற சொல்லையே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அழல் என்றால் தீ. ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன், அதற்குள் இருப்பது ஃப்ளாமா, லத்தீனில் தீச்சுவாலை. இரண்டு பேரும் ஒரே தீயைத்தான் பார்த்திருக்கிறார்கள். கி.பி. முதலாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் இதற்கு நான்கு அடையாளம் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முள் குத்திய விரலை மறுநாள் காலையில் பார்த்தால் நான்கும் இருக்கும். சொல்லை உடைத்துப் பார்த்தவருக்குச் சூடும் சிவப்பும் தேர்வில் மறக்காது, தீ என்று பெயரிலேயே இருக்கிறதே.

ஐட்டிஸுக்குக் கிரேக்கத்தில் தொடக்கத்தில் தீ என்றெல்லாம் பொருள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'அதைச் சார்ந்தது' என்ற அளவுக்குத்தான். மூட்டைச் சார்ந்த நோய் என்பதுதான் ஆர்த்ரைட்டிஸ். புழங்கப் புழங்க அந்த வாலுக்கு அழற்சி என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி வழியில் ஒட்டிக்கொண்ட பொருளும் வேரைப் போலவே முக்கியம்.

எக்டமிக்குள் இருக்கும் 'டாம்' எனக்குப் பிடித்த துண்டு. வெட்டுவது என்று பொருள். அனாட்டமி என்றால் வெட்டித் திறந்து பார்ப்பது. உடற்கூறியல் வகுப்பில் செய்வது அதைத்தான். சி.டி. ஸ்கேனில் இருக்கும் டி, டோமோகிராபி. டோமோ வெட்டிய துண்டு, கிராபி வரைதல். ரொட்டியைத் துண்டு போட்டதுபோல உடலை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பதால் அந்தப் பெயர். அடுத்தது ஆட்டம், அதாவது அணு. 'அ' என்றால் இல்லை, டாம் என்றால் வெட்டு. வெட்ட முடியாதது. அநியாயம், அநீதி என்று முன்னால் 'அ' போட்டு மறுக்கிற பழக்கம் நமக்கும் வடமொழி வழியாக வந்திருப்பதால் இதைச் சொன்னதும் பிடித்துக்கொள்வோம்.

ஆனால் அணுவை வெட்ட முடியுமே? 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தபோதே அணுவுக்குள் வேறு பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். வேர் என்பது பெயர் வைத்தவர் அன்றைக்கு என்ன நினைத்தார் என்பதற்கான தடயம். அது வரையறை ஆகாது. லவாய்சியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1770களில் ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்தார். ஆக்சிஸ் புளிப்பு, ஜென் பிறப்பிப்பது. புளிப்பை, அதாவது அமிலத்தை, உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பது ஹைட்ரஜனும் குளோரினும் மட்டும்தான். 1810-ல் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவியபோது லவாய்சியேயின் கணக்கு தப்பானது. மலேரியா இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. சதுப்பு நிலத்துக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர். 1897-ல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைப் பார்த்தார். அனீமியாவின் துண்டுகள் 'குருதி இல்லாமை' என்று சொல்கின்றன. குருதியே இல்லாவிட்டால் ஆள் எங்கே இருப்பார்?

ஆகவே துண்டை வைத்து ஊகியுங்கள், பிறகு புத்தகத்தில் வரையறையைப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், அங்கே பெரும்பாலும் ஒரு கதை இருக்கும், அந்தக் கதையே சொல்லை நினைவில் நிறுத்திவிடும்.

இன்னொரு சறுக்கல், ஒன்றுபோலத் தெரியும் துண்டுகள். ஆர்த்தோ டாக்டர் என்றால் எலும்பு டாக்டர் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஆர்த்தோ என்றால் எலும்பு இல்லை, நேர். பல்லை நேராக்குபவர் ஆர்த்தடாண்டிஸ்ட், அதே ஆர்த்தோதான். அப்படியானால் ஆர்த்தோபீடிக்ஸில் 'பீட்' கால் என்று தோன்றும், சைக்கிள் பெடல் ஞாபகம் வரும். அதுவும் இல்லை. பெடலில் இருப்பது லத்தீன் கால். இங்கே இருப்பது கிரேக்கக் குழந்தை, பீடியாட்ரிக்ஸில் வருகிற அதே குழந்தை. 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் வளைந்த உடலை நேராக்கும் கலைக்கு இந்தப் பெயரை வைத்தார். இன்று எழுபது வயதுத் தாத்தா இடுப்பெலும்பு முறிந்து அந்த வார்டில் படுத்திருக்கிறார்.

ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் நர்சிங் படிப்பவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஹைப்பர் மிகை, ஹைப்போ கீழே அல்லது குறைவு. ஹைப்பர்கிளைசீமியா குருதியில் சர்க்கரை மிகுந்திருப்பது, ஹைப்போகிளைசீமியா குறைந்திருப்பது. காதில் விழும்போது நடுவில் ஓர் ஒலிதான் வித்தியாசம். குறைந்தவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு பெயர் என்று அக்கா மகள் கேட்டாள். சிறுநீரக டாக்டர் நெஃப்ராலஜிஸ்ட், ஆனால் சிறுநீரகம் செயலிழந்தால் ரீனல் ஃபெயிலியர். நுரையீரல் டாக்டர் பல்மனாலஜிஸ்ட், ஆனால் நுரையீரலில் வரும் நோய் நிமோனியா. நெஃப்ரோஸும் நியூமோனும் கிரேக்கம். ரென்னும் பல்மோவும் லத்தீன். இதில் நமக்கு வியக்க ஒன்றும் இல்லை. பாக் ஜலசந்தி என்றும் பாக் நீரிணை என்றும் நாம் எழுதுவதில்லையா? ஜலம் ஒரு வீட்டுச் சொல், நீர் இன்னொரு வீட்டுச் சொல், கடல் ஒன்றுதான். ஜலதோஷமும் நீர்க்கோவையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மொழியில் பிறந்தவருக்கு இரட்டைப் பெயர் புதிதா?

மருத்துவத்தை விட்டு வெளியே வந்தாலும் இந்த வெட்டு வேலை செய்யும். இலங்கையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வெக்டர் என்பது காவி. காவுதல் என்றால் சுமந்துகொண்டு போவது. கணக்கில் வருவதும் காவி, டெங்குவைச் சுமக்கும் கொசுவும் நோய்க்காவி. லத்தீனிலும் வெக்டர் என்றால் சுமப்பவர்தான். தமிழ்நாட்டில் கணக்கில் திசையன், கொசுவுக்கு வேறு பெயர். திசையன் நல்ல சொல்தான், ஆனால் இரண்டும் ஒரே சொல் என்பது நம் மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. ஜியோமெட்ரிக்கும் அப்படித்தான். ஜியோ நிலம், மெட்ரி அளப்பது. நாம் வடிவியல் என்கிறோம், அவர்கள் கேத்திரகணிதம் என்கிறார்கள். கேத்திரம் என்றால் வயல், நிலம்.

வேதியியலைப் பார்த்து வேதம் படிப்பதா என்று ஒரு பையன் டியூஷனில் கேட்டான். இல்லை. இரும்பு போன்றவற்றைப் பொன்னாக மாற்றுவதைப் பழைய தமிழில் வேதித்தல் என்பார்கள். கெமிஸ்ட்ரியும் ரசவாதத்தைக் குறிக்கும் ஆல்கெமியிலிருந்து வந்ததுதான்.

கணக்கில் ஒரு கதையை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் ஒரு துண்டை வில் என்கிறோம், அதன் இரு முனையை இணைக்கும் கோட்டை நாண் என்கிறோம். பரிதியில் ஒரு பகுதியையும் கோட்டையும் வரைந்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பாருங்கள், அம்பு ஒன்றுதான் பாக்கி. ஆங்கில ஆர்க்கும் லத்தீனில் வில், கார்டும் கயிறு. அதே படம். ஆரியபட்டர் 499-ல் பாதி நாணின் நீளங்களுக்கு ஓர் அட்டவணை போட்டார். நாணுக்கு வடமொழியில் ஜ்யா, ஜீவா. பாதி நாண் அர்தஜ்யா, பேச்சில் சுருங்கி ஜ்யா என்றே ஆயிற்று. அரபு அறிஞர்கள் அதை ஜீபா என்று ஒலிபெயர்த்தார்கள். அரபில் குறில் உயிரொலிகளை எழுதாமல் விடுவது வழக்கம். அதனால் பிற்காலத்தில் வாசித்தவர்கள், ஜீபா என்று ஒரு சொல் தங்கள் மொழியில் இல்லாததால், அதே எழுத்துகளை ஜைப் என்று படித்தார்கள். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, மார்புப் பக்கம். 12-ம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்புக்கு உரிய லத்தீன் சொல்லைப் போட்டார்கள்: சைனஸ். அதுதான் இன்றைய சைன் தீட்டா.

மழைக்காலத்தில் 'எனக்கு சைனஸ் இருக்கு' என்று தலையைப் பிடித்துக்கொள்கிறோமே, அதே சைனஸ்தான். முக எலும்புகளில் இருக்கும் குழிகள். எல்லோருக்கும் அவை உண்டு. தொல்லை கொடுப்பது சைனசைட்டிஸ், அங்கேயும் அந்த ஐட்டிஸ். அரபு ஜைப் இந்த பக்கம் உருதுவில் ஜேப் ஆகி, தமிழுக்கு ஜேபியாக வந்து சட்டைப்பை ஆயிற்று. பஸ் ஸ்டாண்டில் 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்று எழுதிவைத்திருக்கும் பலகையிலும் முக்கோணவியல் பாடத்திலும் இருப்பது ஒரே மடிப்பு.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை சின்னதுதான். ஆயிரம் வேர்ச்சொல் பட்டியல் எதையும் இறக்கிவைக்காதீர்கள், அதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் பாடப்புத்தகத்தில் இந்த வாரம் படித்த அத்தியாயத்தை எடுங்கள். இரண்டு மூன்று சொல்லில் திரும்பத் திரும்ப வரும் துண்டைத் தேடுங்கள். நோட்டில் ஒரு துண்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே துண்டு, பக்கத்தில் தமிழில் பொருள், கீழே அது வந்த சொற்கள், காலி இடம் நிறைய. புதிதாக ஒன்று கண்ணில் படும்போது அங்கே போய்ச் சேரட்டும். முதல் மாதத்தில் இருபது துண்டு சேர்ந்தாலே போதும். அகராதியில் சொல்லின் பிறப்பு ஓரத்தில் இருக்கும், அதைத் தாண்டிப் போகாமல் ஒரு நிமிடம் படியுங்கள். ஸ்பெல்லிங்கும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். ஹெபட்டைட்டிஸில் ஹெச் எங்கே வரும் என்று துண்டு தெரிந்தவர் யோசிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். வகுப்பில் என்செபலைட்டிஸ் வந்ததாம், யாரையும் கேட்காமல் தானே வெட்டிப் பார்த்தாளாம். உள், தலை, அழற்சி. மூளை அழற்சி.

"அடுத்த பக்கத்துல மெனிஞ்சைட்டிஸ்னு ஒண்ணு இருக்கு மாமா. ரெண்டையும் ஊர்ல மூளைக்காய்ச்சல்னுதானே சொல்றாங்க?"

"மெனிங்ஸ்னா சவ்வு. மூளையைச் சுத்தி இருக்கிற உறை."

"அப்போ ஒண்ணுல மூளை, இன்னொண்ணுல உறை" என்றாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றும் சத்தம் கேட்டது.